வலுவைத் தாங்கும் பிஸ்டனும் தண்டும்



எனது பாடசாலை அலுவலக மேசையிலே, கடிதங்கள் காற்றிற் பறவாதிருக்கும் பொருட்டுப் பாரமாக வைக்கப்பட்டிருக்கும் பொருள் ஒன்றுண்டு. ஏறத்தாழ ஒரு சாண் நீளமான உருக்குத் தண்டு அது. ஒரு முனையிற் பெரிய வளையமும் மறுமுனையிற் சிறிய வளையமும் உடையது. நேராக நிற்கவேண்டிய அதன் உடல், நாணேற்றிய வில்லைப் போல வளைந்திருக்கின்றது. மோட்டார் எஞ்சினிலே பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் தொடுக்கும் உறுப்பு அது. கராஜுகளில் அதனைக் கொன் ரொட் என்பர். நாம் இணைப்புத் தண்டு என்று கூறுவோம்.

அதனை எனக்குத் தந்தவர் என் பழைய மாணவர் ஒருவர். இன்று சொந்தமாகக் கராஜ் நடத்துபவர். மலையேற்றப் பந்தயம் ஒன்றுக்கெனக் கார் ஒன்றை ஆயத்தஞ் செய்தபொழுது, அதன் எஞ்சினுக்குப் பெரியதொரு டர்போவைப் பொருத்தினார். உள்ளே இருந்த பிஸ்டன்களையும் தண்டுகளையும் தொழிற்சாலை வைத்தபடியே விட்டுவிட்டார். மூன்று நாட்கள் கார் பாய்ந்து ஓடியது. நான்காம் நாள் ஏற்றமொன்றிலே பெருஞ் சத்தத்துடன் நின்றது. திறந்து பார்த்தபொழுது, தண்டொன்று வளைந்திருந்தது. பிஸ்டன் ஒன்றின் வளையம் தாங்கும் விளிம்பு உடைந்திருந்தது.

"சேர், எஞ்சினைத் திரும்பக் கட்டப் போகிறேன். எந்தப் பிஸ்டன், எந்தத் தண்டு என்று விலைப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர். இதற்கும் ஒரு சரித்திரம் இருக்குந்தானே?" என்று அவர் வினவினார்.

கலைப்பட்டதாரியாகிய எனக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. ஆயினும் மாணவன் கேட்ட வினாவை ஆசிரியன் தட்டிக்கழித்தல் முறையன்று. ஆதலால் நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததன் சாரத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் இவ்விரு உறுப்புகளும் படும் பாட்டைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சிலிண்டருக்குள்ளே எரிபொருளும் காற்றும் எரியும்பொழுது, அவ்வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசுக்கு மேலே செல்கின்றது. அலுமினியமோ 660 பாகையில் உருகும் உலோகம். அத்தீயின் நேர்முகத்திலே நிற்பது பிஸ்டன். பெற்ற வெப்பத்தை வளையங்கள் வழியாகச் சிலிண்டர்ச் சுவருக்கு உடனுக்குடன் கடத்திவிடுவதனாலேதான் அது உயிர்தப்புகின்றது.

தண்டின் துன்பம் வேறு வகையானது. வாயு எரியும்பொழுது அது கீழ்நோக்கி அழுத்தப்படுகின்றது. அடுத்து, மேலே விரையும் பிஸ்டன் உச்சியில் நின்று கீழே திரும்பவேண்டிய கணத்திலே, அதே தண்டு பிஸ்டனைப் பிடித்து இழுக்கவேண்டும். புகை வெளியேறும் சுற்றிலே, அவ்விழுவைக்கு எதிராக நின்று உதவுவதற்கு வாயுவின் அமுக்கமும் இல்லை. ஆகவே தண்டு ஒருகணம் தூணாகவும் மறுகணம் கயிறாகவும் தொழிற்படுகின்றது. தூணாக அது தாங்கும் பாரம், சிலிண்டரில் எரியும் வாயுவின் அமுக்கத்தைப் பொறுத்தது. கயிறாகத் தாங்கும் பாரமோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடிய எஞ்சினை 7,000 சுற்றில் ஓட்டினால், வேகம் ஆறில் ஒரு பங்கே கூடுகின்றது. இழுவையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடிவிடுகின்றது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்திலே பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பினாலேயே செய்யப்பட்டன. அவை பாரமானவை, வெப்பத்தை மெதுவாகக் கடத்துபவை. 1913ஆம் ஆண்டிலே, பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள கூர்பெவ்வா என்னுமிடத்தில் டி.எவ்.பி. என்ற மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் கார்களை இலண்டனில் விற்றுவந்த டபிள்யூ. ஓ. பென்ட்லி என்னும் இளைஞர் அங்கே சென்றிருந்தார். மேசையொன்றின் மீது, கடதாசிகளுக்குப் பாரமாக, அலுமினியத்தாற் செய்த சிறு பிஸ்டன் உருவம் ஒன்று இருப்பதைக் கண்டார். அஃது ஓர் அலங்காரப் பொருளே. எனினும், உண்மையான பிஸ்டனையே இவ்வுலோகத்தாற் செய்தாலென்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே நூற்றுக்கு 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செப்பும் சேர்த்துப் பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன. இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அலுமினியத்தின் அடர்த்தி. வெப்பத்தைக் கடத்துவதிலோ அது வார்ப்பிரும்பை வெகுவாக விஞ்சியது. சிறிய டி.எவ்.பி. கார் முன்னொருபோதும் காட்டாத வேகத்தைக் காட்டியது. 1914இலே பந்தயங்களில் அதனை ஓட்டிய பென்ட்லி, இந்த இரகசியத்தைத் தம்மோடு வைத்திருந்தார். அது வியாபாரியின் நியாயமான தந்திரமே.

ஆனால் அவ்வாண்டிலேயே முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஆகாய விமானங்களின் எஞ்சின்கள் நடுவானில் நின்றுபோதல் அக்காலத்தில் சாதாரண நிகழ்ச்சி. வானில் எஞ்சின் நின்றால் விமானியின் கதி என்னவென்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. பென்ட்லி தமது இரகசியத்தைக் கடற்படையின் விமானப் பிரிவிடம் வெளிப்படுத்தினார். அவர்கள் அவரை டார்பி நகரிலுள்ள றோல்ஸ் றோய்ஸ் தொழிற்சாலைக்கு அனுப்பினர். அங்கே பரிசோதனைப் பகுதியை நடத்திய ஏர்னஸ்ற் ஹைவ்ஸ் அவரைச் செவிமடுத்தார். றோல்ஸ் றோய்சின் ஈகிள் எஞ்சின் அலுமினியப் பிஸ்டன்களுடன் உருவாயிற்று. ஒரு மேசைப் பாரம் கற்பித்த பாடம் இவ்வாறு வானேறியது.

எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. சூடேறச் சூடேற அலுமினியம் தன் உறுதியை இழக்கும். இக்குறையைத் தீர்ப்பதற்கு இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே, வால்ற்றர் றோசன்ஹைன் என்னும் உலோகவியல் அறிஞரின் தலைமையில் ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் பயனாக, நூற்றுக்கு 4 பங்கு செப்பும் 2 பங்கு நிக்கலும் ஒன்றரைப் பங்கு மகனீசியமும் சேர்ந்த கலப்புலோகம் ஒன்று பிறந்தது. வை கலப்புலோகம் என்பது அதன் பெயர். பின்னர் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தார் அதனை மேலும் திருத்தி, ஆர்.ஆர். என்ற எழுத்துகளுடன் ஒரு கலப்புலோகக் குடும்பத்தையே உருவாக்கினர். அவற்றுள் ஆர்.ஆர்.59 என்பது பிஸ்டனுக்கென அமைந்தது. அது வார்க்கப்படவில்லை, சூடான கட்டியை அச்சிலிட்டுப் பெரும் பலத்தால் அமுக்கி உருவாக்கப்பட்டது. வார்த்தெடுத்த உலோகத்தினுள்ளே நுண்ணிய துவாரங்கள் தங்கியிருக்கலாம். அமுக்கியடித்த உலோகத்திலோ உள்ளிழைகள் நெருங்கி, உருவத்தின் போக்கிலேயே படிந்து நிற்கும். இரும்பை அடித்து உறுதியாக்கும் நம் கொல்லர் அறிந்த உண்மையும் இதுவே.

பிஸ்டனும் தண்டும் இவ்வாறு வலிமை பெற்றுவந்த அதே காலத்தில், அவற்றின் மேல் ஏற்றப்படும் பாரமும் வளர்ந்துவந்தது. எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றிலும் அதிகமான காற்றை அதனுள்ளே அமுக்கி நிறைத்தால், அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிக வலுவைப் பெறலாம். காற்றை அமுக்கும் பொறியை எஞ்சினே பற்சக்கரங்களாற் சுழற்றுமாயின் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகம் அதனைச் சுழற்றுமாயின் அது டர்போ. புகையிற் கழிந்துபோகும் ஆற்றலைப் பயன்படுத்தும் இவ்வெண்ணத்துக்கு, சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்பர்ட் மொஸ், லிபேற்றி என்னும் விமான எஞ்சினை 14,109 அடி உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுசென்றார். தாழ்நிலத்திலே 350 குதிரைவலு தந்த அவ்வெஞ்சின், மெல்லிய காற்றுள்ள உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது.

அங்கே டர்போ, மலையுச்சியில் இழந்ததை மீட்டுத் தந்தது. இழக்காத இடத்திலே, மேலும் மேலும் பெறுவதற்காகக் காற்றை அமுக்கினால் என்னவாகும்? இந்த வினாவுக்கு விடைகண்ட களம், ஷ்னைடர் கிண்ணத்துக்கான கடல்விமானப் போட்டியாகும். 1929ஆம் ஆண்டுப் போட்டிக்காக றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம், 1,000 குதிரைவலுவுக்குக் குறைவான வலுவுடைய பஸர்ட் என்னும் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, ஆர் என்ற ஓரெழுத்துப் பெயருடன் புதிய எஞ்சின் ஒன்றை ஆக்கியது. கொள்ளளவு மாறவில்லை. பெரிய சூப்பர்சார்ஜர் ஒன்று பொருத்தப்பட்டது. வலுவோ ஏறத்தாழ 1,900 ஆயிற்று. 1931இல் அது 2,300க்கும் மேலே சென்றது.

இவ்வேற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நமக்குப் பாடம். டார்பியிலே ஹைவ்ஸ் கையாண்ட முறை மிக எளிமையானது. எஞ்சினை முழு வலுவில், ஏதாவது உடையும்வரை ஓட்டுவர். உடைந்ததை எடுத்து, ஏன் உடைந்தது என ஆராய்வர். அவ்வுறுப்பை வலுப்படுத்துவர். திரும்பவும் ஓட்டுவர், அடுத்த உறுப்பு உடையும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பலவீனங்கள் வெளிப்பட்டன. எஞ்சின் ஒருமணி நேரம் முழு வலுவில் ஓடவேண்டும் என்பதே அவர்கள் வைத்த இலக்கு. 1931 ஓகஸ்ட் மாதத்திலே, போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில், அவ்விலக்கு எய்தப்பட்டது. செப்டெம்பர் 13ஆம் நாள் பூத்மன் என்னும் விமானி மணிக்கு 340 மைல் வேகத்திற் பறந்து கிண்ணத்தை வென்றார். அம்மாதம் 29ஆம் நாள் ஸ்ரெயின்போத் என்பார் 407 மைலைத் தாண்டி உலக சாதனை நிலைநாட்டினார். உலகம் அவர்களின் வேகத்தைக் கண்டது. அவ்வேகத்தைத் தாங்கிய தண்டுகளை எவரும் காணவில்லை.

இந்த அனுபவத்தின் வாரிசாக வந்ததே மேர்லின் எஞ்சின். 12 சிலிண்டரும் 27 லீற்றர் கொள்ளளவும் உடைய அது, 1933இல் முதன்முதலாக ஓடியது. அதன் பிஸ்டன்கள் ஆர்.ஆர்.59 உலோகத்தை அமுக்கியடித்துக் கடைந்தவை. தண்டுகள் நிக்கல் கலந்த உருக்கினால் ஆனவை. எதிரெதிர்ச் சிலிண்டர்களின் தண்டுகளுள் ஒன்று கவையாகப் பிளந்திருக்க, மற்றையது அதன் நடுவே பொருந்தி நின்றது. பந்தயத்துக்கும் போருக்குமான தண்டுகளின் மேற்பரப்பை அக்காலத்தவர் மினுக்கியெடுத்தமை அழகுக்காக அன்று. சிறியதொரு கீறலே போதும். ஆயிரமாயிரம் முறை இழுபட்டும் அழுத்தப்பட்டும் வரும் உலோகத்திலே, களைப்பினால் உண்டாகும் வெடிப்பு அக்கீறலிலிருந்தே தொடங்கும்.

1940ஆம் ஆண்டிலே 100 ஒக்ரேன் பெற்றோல் பிரித்தானிய விமானப்படைக்குக் கிடைத்தது. உடனே மேர்லினின் காற்றமுக்க எல்லை, சதுர அங்குலத்துக்கு ஆறேகால் இறாத்தலிலிருந்து 12 இறாத்தலாக உயர்த்தப்பட்டது. மட்டமான பெற்றோலில் இவ்வமுக்கம் கூடியிருக்குமாயின், எரியவேண்டிய கலவை கட்டுக்கடங்காமல் வெடித்திருக்கும். கராஜ்க்காரர் நொக்கிங் என்று கூறும் இத்தட்டல், பிஸ்டனின் தலையைத் துளைத்துவிட வல்லது. நல்ல பெற்றோல் வழிவிட்டது. நல்ல பிஸ்டனும் தண்டும் தாங்கி நின்றன. ஆரம்பத்தில் ஏறத்தாழ 1,000 குதிரைவலு தந்த மேர்லின், யுத்தத்தின் இறுதியில் வந்த வகைகளில், அதே 27 லீற்றரிலிருந்து, 2,000க்கு மேல் தந்தது.

இது நமக்குத் தொலைவான கதை என்று எண்ணவேண்டாம். 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அவற்றை எதிர்க்க இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்களிலே முழங்கியது மேர்லின் எஞ்சினே. அவற்றுட் பல வீழ்ந்தன; இளைஞர் பலர் மாண்டனர். எதிரியைத் துரத்தும்போதோ எதிரியிடமிருந்து தப்பும்போதோ எஞ்சினை அதன் எல்லைவரை முடுக்கிய அவ்விளைஞர்களின் உயிர், தாம் ஒருபோதும் கண்ணாற் காணாத 12 பிஸ்டன்களையும் 12 தண்டுகளையும் நம்பியிருந்தது.

யுத்தத்தின் பின் விமானங்களிலே பிஸ்டன் எஞ்சினின் இடத்தைத் தாரை எஞ்சின் பிடித்துக்கொண்டது. டர்போ தரைக்கு வந்தது. 1977இலே பிரான்சின் றெனோ நிறுவனம், ஒன்றரை லீற்றர் டர்போ எஞ்சினுடன் உலகக் கார்ப் பந்தயத்தில் இறங்கியது. அடிக்கடி புகைந்து நின்ற அம்மஞ்சள் நிறக் காரை எதிரணியினர் மஞ்சள் தேநீர்க் கேத்தல் என்று நகையாடினர். இரண்டே ஆண்டுகளில், 1979இல், அக்கேத்தல் பிரெஞ்சுப் பந்தயத்தை வென்றது. 1983இலே பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினுடன் நெல்சன் பிக்கே உலக வீரரானார். சாதாரணக் காரின் வார்ப்பிரும்பு உடலை அடிப்படையாகக் கொண்ட அவ்வெஞ்சின், ஒன்றரை லீற்றரிலிருந்து 600 குதிரைவலுவுக்கு மேல் தந்தது. வெளியுடல் பழையதாகவே இருக்கலாம். உள்ளே அசையும் உறுப்புகள் அவ்வாறு இருத்தல் இயலாது.

இனி என் மாணவரின் வினாவுக்கு வருவோம். இச்சரித்திரத்தைக் கேட்டபின் அவர் விலைப்பட்டியலை மீண்டும் விரித்தார். இம்முறை எது சிறந்தது என்று அவர் கேட்கவில்லை. எனது எஞ்சின் எவ்வாறு உடையும் என்ற கேள்வியுடன் தொடங்கினார். அதுவே ஹைவ்சின் கேள்வி.

பிஸ்டன்களில் இன்று மூவகை உண்டு. சிலிக்கன் மிகுந்த உலோகத்தில் வார்த்தவை முதல் வகை. இவை சூட்டிற் குறைவாக விரியும். சத்தமின்றி நெடுநாள் உழைக்கும். நாளாந்தப் பாவனைக்கு ஏற்றவை. ஆனால் தட்டல் நேர்ந்தால் பீங்கானைப் போல உடைந்துவிடும். இரண்டாவது வகை, நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சிலிக்கன் கலந்து அமுக்கியடித்த 4032 என்னும் உலோகம். இது நடுத்தரமான வலுவுக்குப் பொருத்தமானது. மூன்றாவது, சிலிக்கன் மிக அருகிய 2618 என்னும் உலோகம். இது சூட்டில் அதிகம் விரியும். ஆதலால் சிலிண்டரில் அதிக இடைவெளி விடவேண்டும், குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும்பொழுது சற்றே ஓசையெழும், விரைவாகத் தேயும். ஆயினும் பெரும் அமுக்கத்தில், உடைவதற்கு முன் நெளிந்துகொடுக்கும் குணம் இதற்குண்டு. உயர்ந்த வலுவுடைய டர்போ எஞ்சினுக்கு வல்லவர்கள் இதனைத் தெரிவது அதனாலேயே.

எந்தப் பிஸ்டனாயினும், வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே விடும் வெளியை டர்போ எஞ்சினிற் கூட்டிவிடுதல் வேண்டும். சூட்டில் நீளும் வளையத்துக்கு இடமில்லாவிடின், முனைகள் முட்டி நெருக்கி, அதனைத் தாங்கும் விளிம்பையே பெயர்த்துவிடும். என் மாணவரின் பிஸ்டனிலே உடைந்திருந்ததும் அவ்விளிம்புதான். கலவையை நெருக்கும் விகிதத்தையும் தாழ்த்துதல் நன்று. மேர்லின் எஞ்சினில் அவ்விகிதம் ஆறுக்கு ஒன்றாகவே இருந்தது.

தண்டுகளுக்கு, முன்னர் நினைவில் வைக்கும்படி கூறிய வேறுபாடே வழிகாட்டி. வலு காற்றமுக்கத்தினாற் கூடுகின்றதா, வேகத்தினாற் கூடுகின்றதா? அமுக்கத்தினாலாயின் தண்டு தூணாகத் தாங்கவேண்டும்; உடல் தடித்திருத்தல் வேண்டும். வேகத்தினாலாயின் அது கயிறாகத் தாங்கவேண்டும். பிஸ்டனின் பாரம் குறைந்திருத்தல் வேண்டும். தண்டின் பெரிய வளையத்தைப் பிணைக்கும் ஆணிகள் மிகச் சிறந்தவையாக இருத்தல் வேண்டும். பல எஞ்சின்கள் அழிந்தது தண்டின் உடல் முறிந்து அன்று; அவ்வாணிகள் தளர்ந்தே. அவற்றை இறுக்கும்போது அவை எவ்வளவு நீள்கின்றன என்பதை அளந்து இறுக்குவர் விபரமறிந்தோர். என் மாணவரின் தண்டு அறுந்திருக்கவில்லை, வளைந்திருந்தது. ஆகவே குற்றம் வேகத்தினுடையதன்று. அளவுமீறிய அமுக்கத்தினுடையது என்பதை அவ்வளைவே சாட்சி சொல்லிற்று.

இதில் ஒரு விந்தையுமுண்டு. அவர் தெரிந்தெடுத்த 2618 என்னும் உலோகம், முன்னர்க் கூறிய றோல்ஸ் றோய்ஸ் குடும்பத்திலே ஆர்.ஆர்.58 என வழங்கியதற்கு ஒப்பானது. சூட்டிலும் உறுதி குன்றாத அதே உலோகத்தினாலேயே, ஒலியை முந்திப் பறந்த கொன்கோர்ட் விமானத்தின் உடல் ஆக்கப்பட்டது. 1976 முதல் 2003 வரை பிரயாணிகளைச் சுமந்து பறந்த அவ்விமானத்தின் மூக்கு, காற்று அமுங்குவதனாலும் உராய்வதனாலும் 120 பாகைக்கு மேற் சூடேறும். பிஸ்டன் ஆராய்ச்சியின் வழித்தோன்றல் அதனையும் தாங்கியது.

என் மாணவர் பிஸ்டன்களையும் தண்டுகளையும் ஆணிகளையும் முதலில் வாங்கினார். அவற்றுக்கான செலவின் பின், டர்போவைத் திரும்பப் பொருத்துவதற்குப் பணம் மிஞ்சவில்லை. அடுத்த பந்தயத்துக்கு அவர் போகவில்லை. "இந்த வருஷம் எஞ்சின் தாங்கப் பழகட்டும் சேர்; வருகிற வருஷம் ஓடட்டும்" என்றார். வளைந்த தண்டை என் மேசை மீது வைத்துவிட்டுச் சென்றார். புதிய மாணவர் எவரேனும் அது என்னவென்று கேட்கும்பொழுது, பாரிசுக்கு அருகே ஒரு மேசை மீதிருந்த சிறு பிஸ்டனிலிருந்து கதையைத் தொடங்குவது என் வழக்கமாகிவிட்டது.